மூடி வைத்த சாப்பாட்டுக் கோப்பை

அண்ணாவுக்கு நெஞ்சு நோவு வந்தது 2023 ஆவணியில், ஒரு வெள்ளிக்கிழமை இரவு. அப்போது அவருக்கு 52 வயது. கந்தோர் முடிந்து, மகளை ரியூசனில் இருந்து ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் கோண்டாவிலில் உள்ள வீட்டுக்கு வர எட்டரையாகிவிட்டது. குளித்துவிட்டு ஒன்பதரை மணிக்கு, அண்ணி மூடி வைத்திருந்த சாப்பாட்டுக் கோப்பையைத் திறந்து தனியே இருந்து சாப்பிட்டார். கோதுமை மாப் புட்டும் கணவாய்க் கறியும். சாப்பிட்டு முடிய, நடுநெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்ததுபோல ஒரு பாரம். "வாய்வு" என்றார். இஞ்சி தட்டிப்போட்டு ஒரு பிளேன்ரீ குடித்தார். பிறகு ஒரு சோடா. பனியன் நனைந்துபோய் இரண்டு தரம் மாற்றினார். அன்று நல்ல காற்று. ஆனாலும் "புழுக்கமாக் கிடக்கு" என்றுதான் அண்ணியிடம் சொல்லியிருக்கிறார்.

விடிய நாலே முக்காலுக்கு எழும்புவது அப்பாவின் வழக்கம். விறாந்தைக்கு வந்தவர், அண்ணா கதிரையில் முன்னால் குனிந்தபடி மூச்சு வாங்குவதைக் கண்டார். "என்ன மோனை, இப்பிடி வேர்க்குது?" என்று கேட்டவர், பதிலுக்கு நிற்காமல் ஒழுங்கை முடக்கில் இருக்கும் ஓட்டோக்காரப் பொடியனை எழுப்பப் போய்விட்டார். அப்பாவுக்கு 84 வயது.

பெரியாஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தபோது நோவு தொடங்கி எட்டு மணித்தியாலம் ஆகியிருந்தது. உயிர் தப்பிவிட்டார். சில நாள் கழித்து எக்கோ என்ற இருதய ஸ்கான் எடுத்துப் பார்த்ததில், இருதயம் இரத்தத்தைத் தள்ளும் வலு 40 வீதம் என்று வந்தது. அது 55 வீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். இருதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபட்டால், அதை நம்பியிருக்கும் தசை நிமிடத்துக்கு நிமிடம் சாகிறது. செத்த தசை திரும்ப முளைப்பதில்லை.

எங்கள் ஒழுங்கையில் மட்டும் மூன்று பேரை இந்த "வாய்வு" என்ற சொல் ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் வீட்டில் இருத்தி வைத்திருக்கிறது. அதில் ஒருவர் இன்று இல்லை. ஏன் எங்களை எழுப்பவில்லை என்று அண்ணாவிடம் பிறகு கேட்டேன். "இரவிலை ஏன் எல்லாருக்கும் கரைச்சல்? விடியட்டும் எண்டு இருந்தனான்" என்றார். மனைவி பக்கத்து அறையில், தம்பி இரண்டு வளவு தள்ளி. அவர்களை எழுப்புவதே அவருக்குக் கரைச்சல் கொடுப்பதாகத் தெரிந்திருக்கிறது. 2018 ஆடியில் இருந்து வடக்கிலும் 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் அம்புலன்ஸ் வாசலுக்கு வருகிறது, காசும் இல்லை. நெஞ்சுப் பாரமும் வேர்வையும் சேர்ந்து வந்தால் இஞ்சியைத் தேடாமல் போனைத் தேடுங்கோ. இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி முதல் ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் செய்கிற வேலையை எட்டாவது மணித்தியாலத்தில் செய்யாது. இதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது. மற்றதெல்லாம் ஆறுதலாகக் கதைக்கலாம்.

அண்ணா வீட்டுக்கு வந்தபிறகு பார்க்க வந்த சனம் கொஞ்சமில்லை. முந்திரிப்பழமும் மா ரின்னும் மேசையில் நிரம்பின. வந்தவர்கள் எல்லோரும் கதைத்தது சாப்பாட்டைப் பற்றித்தான். ஒரு மாமா தேங்காயை அடியோடு நிப்பாட்டச் சொன்னார். பக்கத்து வீட்டு அண்ணை விடவில்லை. "அப்பர் சாப்பிடாத தேங்காயே? அவர் எண்பத்துநாலிலையும் சைக்கிள் ஓடுறார்" என்றார். அப்பா ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தக் கேள்வி எனக்குள் இறங்கிவிட்டது. ஒரே வீடு, ஒரே குசினி, ஒரே இரத்தம். அம்மா இருந்த காலம் வரை இரண்டு பேருக்கும் ஒரே கையால்தான் சமையல். பிறகு ஏன் 84 வயதுக்காரர் 52 வயதுக்காரருக்காக ஓட்டோ பிடிக்க ஓட வேண்டி வந்தது?

பக்கத்து வீட்டு அண்ணையின் வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. அதை அப்பாவே ஒருநாள் எடுத்துக் காட்டினார். அவரோடு தோட்டம் செய்தவர்களில் ஒருவர் நாற்பத்தெட்டு வயதில் புகையிலைத் தோட்ட வரம்பில் சரிந்து விழுந்து செத்தாராம். இன்னொருவர் கிணற்றடியில். அந்தக் காலத்தில் அதை மாரடைப்பு என்று யாரும் எழுதி வைக்கவில்லை. காத்துக் கறுப்பு என்றார்கள், விதி என்றார்கள். "மிஞ்சினது நான். அதாலை நான் சாப்பிட்டது எல்லாம் சரியெண்டு ஆகாது" என்றார் அப்பா. அவர் அறுபது வயது வரை சுருட்டுக் குடித்தவர். எங்கள் மண்ணின் புகையிலையும் சுருட்டும் பேர்போனவை, எத்தனையோ குடும்பத்துக்குச் சோறு போட்டவை. எத்தனை பேரின் நெஞ்சைத் தின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இனி தேங்காய். தேங்காய் எண்ணெயில் 90 வீதமளவு நிறைவுற்ற கொழுப்பு. 2020இல் வெளியான ஒரு ஆய்வுத் தொகுப்பு பதினாறு பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. சூரியகாந்தி, சோயா போன்ற எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் கெட்ட கொலஸ்ரரோலை டெசிலீற்றருக்குப் பத்து மில்லிகிராம் அளவில் கூட்டுகிறது என்று கண்டது. ஆகவே தேங்காய் அப்பாவி என்று நான் வாதாட மாட்டேன்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. பசிபிக் கடலில் டொகெலாவ் என்று சின்னத் தீவுகள் இருக்கின்றன. அங்குள்ளவர்களின் சாப்பாட்டுச் சக்தியில் 63 வீதம் தேங்காயில் இருந்து வந்தது. புகாபுகா என்ற இன்னொரு தீவில் 34 வீதம். 1981இல் இயன் பிரையரின் குழு இந்த இரண்டு இடத்தையும் பற்றி எழுதியது. டொகெலாவ்காரருக்குக் கொலஸ்ரரோல் கூடத்தான் இருந்தது. ஆனாலும் இரண்டு தீவிலும் இருதய, இரத்தக் குழாய் நோய்கள் அரிது. அதே டொகெலாவ் சனம் நியூசிலாந்துக்குக் குடிபெயர்ந்த பிறகு உடல் நிறையும் இரத்த அழுத்தமும் நீரிழிவும் கூடின. அங்கே போய் அவர்கள் தேங்காயைக் குறைத்துத்தான் சாப்பிட்டார்கள்.

தேங்காயைச் சுற்றி என்ன இருந்தது, அதில் என்ன போய்விட்டது என்று பார்க்க வேண்டும் என்று எனக்குப் பட்டது அப்போதுதான்.

அப்பாவின் சாப்பாட்டில் தேங்காயைச் சுற்றி இருந்தவை இவை. காலையில் பழஞ்சோறும் சின்ன வெங்காயமும். மதியம் தவிடு போகாத சிவப்பரிசிச் சோறு, மீன் குழம்பு, கட்டாயம் ஒரு இலைக்கறி. முருங்கை இலை, முசுட்டை, முல்லை, வல்லாரை என்று வேலியில் எது கிடைத்ததோ அது. இரவில் குரக்கன் புட்டு அல்லது ஒடியல் மாப் புட்டு. தேத்தண்ணிக்குச் சீனி போடமாட்டார். ஒரு சின்னத் துண்டு பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பார். எல்லாவற்றுக்கும் முன்னால் விடிய ஐந்து மணிக்கே தோட்டத்தில் நிற்பார். மண்வெட்டி பிடித்துப் பாத்தி கட்டி, தண்ணீர் மாறி, பத்து மணிக்கு வீட்டுக்கு வரும்போது ஒருவர் ஜிம்மில் ஒரு கிழமைக்குச் செய்கிற வேலை முடிந்திருக்கும்.

அண்ணாவின் நாள் வேறு. காலையில் அரைறாத்தல் பாணை அவசரமாக விழுங்குவார், இல்லையென்றால் அதுவும் இல்லை. பத்து மணிக்குக் கந்தோர் கன்ரீனில் ஒரு றோல்ஸ், மூன்று கரண்டி சீனி போட்ட பால்தேத்தண்ணி. மதியம் பார்சல் சோறு: வெள்ளையரிசி, பொரியல், மேலே எண்ணெய் மிதக்கும் குழம்பு. நாலு மணிக்கு ஒரு பணிஸ். அதோடு இரவு ஒன்பதரை வரை இழுத்தடிப்பு. பிறகு அந்த மூடி வைத்த கோப்பை, அதுவும் ஒரு கையில் போனோடு. காலும் கையும் மெலிவு, வண்டி மட்டும் முன்னால். எங்களைப் போன்ற தெற்காசிய உடம்புக்கு இதுதான் ஆபத்தான வடிவம். ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80. அதைத் தாண்டினால் நிறை சரியாக இருந்தாலும் கவனிக்க வேண்டும் என்கிறார்கள். அண்ணாவுக்கு 101.

2004இல் வெளியான இன்ரர்ஹார்ட் ஆய்வை சலீம் யூசுஃப் என்ற இருதய மருத்துவரின் தலைமையில் 52 நாடுகளில் செய்தார்கள். முதல் மாரடைப்பு ஆபத்தில் ஆண்களுக்கு 90 வீதமும் பெண்களுக்கு 94 வீதமும் ஒன்பது காரணங்களுக்குள் அடங்கிவிடுகிறது என்று அது கண்டது. புகை, கொலஸ்ரரோல் கொழுப்புகள், இரத்த அழுத்தம், நீரிழிவு, வயிற்றுக் கொழுப்பு, மன அழுத்தம், மரக்கறி பழம் குறைவாகச் சாப்பிடுவது, உடலுழைப்பு இல்லாமை, மது என்று அந்த ஒன்பதும் எங்களுக்குத் தெரிந்தவைதான். தெற்காசியர்களைத் தனியே பிரித்துப் பார்த்தபோது முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்ற நாட்டவருக்கு அது 59க்குக் கிட்ட. அண்ணா அந்த 53க்கு ஒரு வருடம் முந்திவிட்டார்.

ஒன்பதில் எட்டை வாட்டில் கேட்டார்கள், இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எல்லாம் சரியான கேள்விகள், அந்த டொக்டர்மாருக்கும் தாதிமாருக்கும் நாங்கள் காலம் முழுக்கக் கடமைப்பட்டவர்கள். மன அழுத்தம் மட்டும் கிளினிக் கொப்பியில் ஏறவில்லை. நூறு பேர் வரிசையில் நிற்கும் இடத்தில் அதை எப்படிக் கேட்பது? அதற்கு நேரம் வேண்டும், ஆள் வேண்டும்.

சைக்கிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியபோது எனக்கு 14 வயது, அண்ணாவுக்கு 19. மின்சாரம் போனது. பெற்றோல், பற்றரி, சீமெந்து, உரம் எல்லாம் அரசின் தடைப்பட்டியலில். மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோலைத் துளித்துளியாக விட்டு ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓடினவர்கள் கொஞ்சப் பேர், மற்ற எல்லோரும் சைக்கிளில்தான். கோண்டாவிலில் இருந்து சாவகச்சேரிக்கு விறகு எடுக்க அண்ணா சைக்கிளில் போய்வருவார். பின் கரியரில் விறகுக் கட்டு அவரை விட உயரமாக இருக்கும். இரவில் சைக்கிளைக் கவிட்டு வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் ரேடியோ செய்தி கேட்போம். செய்தி கேட்கக்கூட உடம்பு உழைக்க வேண்டியிருந்த காலம்.

அதே வருடங்களில் உலகத்தின் மறுபக்கத்தில் கியூபாவுக்கும் ஏறக்குறைய இதே நிலை வந்தது. சோவியத் ஒன்றியம் உடைந்ததும் எரிபொருளும் சாப்பாடும் தட்டுப்பட்டன. அரசு சீனாவில் இருந்து பத்து லட்சத்துக்கு மேல் சைக்கிள் இறக்கியது. சனத்தின் சராசரி நிறை ஐந்து கிலோவுக்கு மேல் குறைந்தது. 2013இல் வெளியான ஆய்வு, அதைத் தொடர்ந்து நீரிழிவாலும் இருதய நோயாலும் வந்த சாவுகள் குறைந்ததையும், பொருளாதாரம் நிமிர்ந்து நிறை திரும்ப ஏறியபோது நீரிழிவு மறுபடி கூடியதையும் காட்டியது.

இதை வாசித்துவிட்டு யாரும் பொருளாதாரத் தடை நல்லது செய்தது என்று எழுதிவிடக் கூடாது. கியூபாவில் அதே பஞ்சத்தில் சத்துக் குறைவால் ஐம்பதினாயிரம் பேருக்குப் பார்வை நரம்பும் கைகால் நரம்புகளும் பழுதாகின. இங்கே இன்சுலின் கிடைக்காமல், இழுப்புக்கு மருந்து கிடைக்காமல் என்ன நடந்தது என்பதை அந்தக் காலத்தில் வீட்டில் நோயாளி வைத்திருந்தவர்களிடம் கேளுங்கள். அரைவயிறும் பயமுமாகத் தாய்மார் பிள்ளை சுமந்த காலமும் அதுதான். குறைந்த நிறையோடு பிறந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இருதய நோய் கூட வருகிறது என்று 1989இல் டேவிட் பார்க்கர் இங்கிலாந்தின் பழைய பிறப்புப் பதிவேடுகளைக் கொண்டு காட்டினார். அந்த வருடங்களில் பிறந்த எங்கள் பிள்ளைகளுக்கு இப்போது முப்பது தாண்டிவிட்டது. அவர்கள் இப்போதே ஒருதரம் பிறஷரும் சீனியும் பார்க்க வேண்டும் என்று எனக்குப் பட்டுக்கொண்டே இருக்கிறது.

நான் சொல்ல வருவது சின்ன விஷயம். சைக்கிளை நாங்கள் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. அது வறுமையின் அடையாளமாக, தடையின் அடையாளமாக வந்தது. அதனால்தான் வழி திறந்ததும் அதைச் சுவரில் சாத்திவிட்டு மோட்டார் சைக்கிள் எடுத்தோம். லீசிங் கிடைத்தது. ஒழுங்கைக் கடைக்கும் மோட்டார் சைக்கிள், கோயிலுக்கும் மோட்டார் சைக்கிள். 2022இல் எரிபொருள் வரிசை வந்தபோது ஊர் முழுக்க மறுபடி சைக்கிள் இறங்கியது. ரியூப் கடையில் சனம் நின்றது. அண்ணாவும் பழைய சைக்கிளைத் துடைத்து எண்ணெய் விட்டார், மூன்று மாதம் கந்தோருக்கு ஓடினார், காற்சட்டை இடுப்பில் தளர்ந்தது என்று சொன்னார். பங்கீட்டுக்குக் கியூஆர் கோட் வந்து பெற்றோல் ஒழுங்கானதும் சைக்கிள் திரும்பச் சுவருக்குப் போனது. அடுத்த ஆவணியில் நெஞ்சு நோவு. ஒன்றுக்குப் பின் ஒன்று வந்ததால் ஒன்று மற்றதைச் செய்ததாகாது, எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கிடந்து அடிக்கிறது.

அப்பா மட்டும் சைக்கிளை விடவில்லை. அவருடைய றலி சைக்கிளுக்கு என்னை விட வயது கூட. விடிய தோட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, ஏழு மணிக்கு அதை உருட்டிக்கொண்டு சனசமூக நிலையத்துக்குப் போவார். பேப்பர் வாசிக்கத்தான் போகிறார் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். பேப்பரை இப்போது போனிலேயே பார்க்கலாம், பேரன் காட்டியும் கொடுத்தான். அவர் போவது நிற்கவில்லை. அந்த வாங்கில் ஒருவர் பேப்பரைச் சத்தமாக வாசிக்க, மற்றவர் மறுத்துப் பேச, யாருக்கு மகள் கலியாணம், யாருக்குக் கண் ஒப்பரேசன், யார் இரண்டு நாளாய் வரவில்லை என்பது எல்லாம் அங்கேதான் தெரியும். இரண்டு நாள் வராதவரைத் தேடி ஒருவர் சைக்கிளில் போவார். அது யாரும் எழுதி வைக்காத சட்டம்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் றொசெற்றோ என்று ஒரு ஊர் இருக்கிறது. 1,600 பேர் அளவில் வாழ்ந்த சின்ன ஊர். இத்தாலியில் ஒரே ஊரில் இருந்து வந்து குடியேறியவர்கள். ஆண்கள் சிலேற்றுக் கல் குவாரியில் உழைத்தார்கள், பெண்கள் சட்டை தைக்கும் தொழிற்சாலையில். பன்றிக் கொழுப்பில் பொரித்துச் சாப்பிட்டார்கள், சுருட்டும் வைனும் உண்டு. ஆனால் 1950களின் கடைசியில் ஸ்ருவர்ட் வுல்ஃப் என்ற மருத்துவர் போய்ப் பார்த்தபோது, 55 வயதுக்குக் கீழ்ப்பட்ட ஆண்களிடம் மாரடைப்பு இல்லை என்றே சொல்லலாம் என்ற நிலை. ஒரு மைல் தள்ளியிருந்த பாங்கர் ஊரில் அதே தண்ணீர், அதே ஆஸ்பத்திரி, ஆனால் சாவு வழக்கம்போல. ஜோன் புரூன் என்ற சமூகவியலாளரோடு சேர்ந்து அவர் கண்டது இது: மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் இருந்தது, ஒன்றாக இருந்து சாப்பிட்டது, பணக்காரர் தன் பணத்தைக் காட்டவில்லை, கிழவர்களுக்கு மரியாதை இருந்தது. பிறகு பிள்ளைகள் படித்து வெளியே போனார்கள், தனி வீடு கட்டினார்கள், வேலி போட்டார்கள். 1970களில் றொசெற்றோவின் மாரடைப்புக் கணக்கு பக்கத்து ஊர்களை எட்டிப் பிடித்தது. 1992இல் இரண்டு ஊரின் ஐம்பது வருட மரணப் பதிவுகளை ஒப்பிட்டு இதை மறுபடி உறுதி செய்தார்கள். ஊர் சின்னது, எண்ணிக்கை சின்னது, அதனால் ஆய்வாளர்களிடையே மாற்றுக் கருத்தும் உண்டு. எனக்கோ அதை வாசிக்கும்போது எங்கள் ஊரின் பெயரை மாற்றி எழுதியது போல இருந்தது.

எங்கள் ஒழுங்கைக் கடைசியில் ஒரு மாடி வீடு. அங்கே ஒரு அக்கா தனியே இருக்கிறார், எழுபத்தொரு வயது. பிள்ளைகள் நாலு பேரும் ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் என்று. வீட்டைச் சுற்றி ஆறு கமரா. பிள்ளைகள் அங்கிருந்தே படலையைப் பார்ப்பார்கள், அம்மா முற்றத்துக்கு வந்தால் போன் அடிப்பார்கள். நல்ல பிள்ளைகள், உண்மையாகவே பாசமான பிள்ளைகள். ஆனால் அக்கா இரண்டு நாளைக்கு ஒருக்கால்தான் உலை வைக்கிறார். "எனக்கு ஒருத்திக்கு ஏன் தம்பி சமைப்பான்? பாணும் பிளேன்ரீயும் காணும்" என்கிறார். அவருக்குப் பிறஷர், சீனி இரண்டும் உண்டு. கிளினிக்கில் மரக்கறி நிறையச் சாப்பிடச் சொல்கிறார்கள். ஒரு கட்டுக் கீரையைச் சுண்டினால் அவருக்கு மூன்று நேரத்துக்கு வரும், வாங்காமல் விட்டுவிடுகிறார். தனிமையும் உறவுத் தொடர்பு குறைவதும் இருதய நோய் ஆபத்து 29 வீதமும் பக்கவாத ஆபத்து 32 வீதமும் கூடுவதோடு சேர்ந்து வருகின்றன என்று 2016இல் ஒரு ஆய்வுத் தொகுப்பு காட்டியது. தனிமை குசினிக்குள்ளால்தான் நெஞ்சுக்குப் போகிறது என்பதை நான் அந்த அக்காவின் அணைந்து கிடக்கும் அடுப்பில் கண்டேன்.

ஒடியல் கூழைப் பாருங்கள். அதை ஒருவருக்காகக் காய்ச்ச முடியாது. மீன், நண்டு, இறால், கணவாய், பயித்தங்காய், மரவள்ளிக் கிழங்கு, பலாக்கொட்டை என்று போட்டால் பானை தானாகவே பத்துப் பேருக்கு வந்துவிடும். சுற்றி இருந்து பனையோலையில் கோலிய பிளாவில் குடிக்க வேண்டும். ஆளில்லாமல் போன வீடுகளில் முதலில் நின்றது கூழ்தான்.

அண்ணாவைத் தனியன் என்று யாரும் சொல்ல முடியாது. மனைவி, பிள்ளை, அப்பா, தம்பி எல்லோரும் உண்டு. அவருடைய பாரம் வேறு. இலண்டனில் 1967இல் அரச ஊழியர்களை வைத்து வைட்ஹோல் ஆய்வைத் தொடங்கினார்கள். மேல் அதிகாரிகளுக்குத்தான் பொறுப்புக் கூட, ஆகவே மாரடைப்பும் அவர்களுக்குத்தான் கூட வரும் என்பது அன்றைய பேச்சு. மைக்கேல் மார்மட் பார்த்ததில், ஆகக் கீழ்த்தர ஊழியர்களின் இருதயச் சாவு ஆக மேல் தர அதிகாரிகளைவிட மூன்று மடங்குக்குக் கிட்ட. புகையும் கொலஸ்ரரோலும் பிறஷரும் அந்த வித்தியாசத்தில் ஒரு பங்கைத்தான் விளக்கின. கையில் வேலை குவிந்திருக்க, அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை மட்டும் இல்லாமல் இருப்பது உடம்பை அரிக்கிறது. அண்ணாவின் கந்தோரில் மூன்று பேரின் வேலையை அவர் ஒருவர் பார்க்கிறார். மேலே இருந்து பேச்சு, கவுண்டருக்கு வெளியே இருந்து பேச்சு. வீட்டுக் கடன், தங்கச்சியின் சீதனத்துக்குப் பட்ட கடனின் மிச்சம், மகளின் ரியூசன் காசு. மூத்த ஆம்பிளைப்பிள்ளை என்றால் எங்கள் ஊரில் இவ்வளவும் கேள்வியில்லாமல் அவன் தலையில்.

இதற்கு அடியில் போர் கிடக்கிறது. எங்கள் ஊரில் மனம் நோகிறது என்று யாரும் டொக்டரிடம் சொல்வதில்லை. "சரியான யோசினை" என்பார்கள், "நெஞ்சுக்கை அடைக்குது" என்பார்கள், ஒரு பெருமூச்சு விடுவார்கள். மனநல மருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே போர் எங்கள் மனத்துக்குச் செய்ததை எழுதியவர். அது தனியாட்களின் காயம் மட்டுமில்லை, குடும்பம், அயல், ஊர் என்று முழுச் சமூகத்தின் காயம் என்றார். வீட்டிலோ வேலையிலோ ஓயாத மன அழுத்தத்தில் இருந்ததாகச் சொன்னவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல் என்று இன்ரர்ஹார்ட் கண்டது. எந்நேரமும் ஓடத் தயாராக இருக்கும் உடம்பில் பிறஷர் இறங்குவதில்லை, நித்திரை கெடுகிறது, சீனி ஏறுகிறது. யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஐப்பசி 30 இரவு, மழைக்குள், அப்பாவை முன்னாலும் அம்மாவைச் சைக்கிள் கரியரிலுமாகக் கூட்டிக்கொண்டு நாவற்குழிப் பாலம் தாண்டியவர் அண்ணாதான். அவர் அதைப் பற்றிக் கதைத்து நான் கேட்டதே இல்லை. சைக்கிளை உருட்டிய கைகளில் இரண்டு கிழமைக்குத் தோல் இல்லை.

பெண்களை மறந்துவிடுகிறோம். மாரடைப்பு ஆம்பிளையின் நோய் என்ற எண்ணத்தில் அண்ணிக்கு இரண்டு வருடமாய்ப் பிறஷர் இருப்பது அண்ணா விழுந்த பிறகுதான் தெரிந்தது. பெண்களுக்கு நெஞ்சு நோவுக்குப் பதிலாகக் களைப்பு, மூச்சு முட்டல், தாடை நோவு, ஓங்காளம் என்றும் வரலாம். அவர்கள் அதைச் சமையல் களைப்பு என்று தள்ளிவிடுவார்கள். டொக்டர் அண்ணியை ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் நடக்கச் சொன்னார். முதல் நாள் ஒழுங்கையில் இறங்க ஏழு பேர் "எங்கை போறியள்?" என்று கேட்டார்களாம். சும்மா நடக்கிறேன் என்று ஒரு பெண் சொல்ல முடியாத ஊர் இது. மூன்றாம் நாளில் இருந்து அண்ணி கையில் ஒரு வெறும் கடைப் பையைத் தூக்கிக்கொண்டு போகிறார். இப்போது யாரும் கேட்பதில்லை. அந்தப் பையைப் பார்க்க எனக்கு நெஞ்சு வலிக்கும். ஒரு பெண் தன் இருதயத்துக்காக நடக்க ஊரிடம் ஒரு காரணம் காட்ட வேண்டியிருக்கிறதே.

மருந்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அண்ணாவுக்கு ஒரு ஸ்டென்ட், அதாவது அடைபட்ட குழாயைத் திறந்து வைத்திருக்கும் சின்ன வலைக்குழாய், வைத்தார்கள். இரத்தம் உறையாமல் இருக்க அஸ்பிரின், குளோபிடோகிரல், கொலஸ்ரரோலுக்கு அற்றோவாஸ்ரற்றின், இன்னும் இரண்டு குளிசை. கொலஸ்ரரோல் குளிசையை விட்டுவிட்டு உள்ளியும் தேனும் சாப்பிடச் சொல்லி வாட்ஸ்அப்பில் வந்தது. வீட்டுக்கு வந்தும் இரண்டு பேர் சொன்னார்கள். விடக் கூடாது. ஸ்டென்ட் வைத்த முதல் மாதங்களில் இரத்தம் உறையாமல் தடுக்கும் குளிசைகளைத் தானாக நிப்பாட்டினால், வைத்த இடத்திலேயே கட்டி அடைத்து ஆள் போய்விடலாம். சேர்ந்து சாப்பிடுவது பற்றி இவ்வளவு எழுதும் நான்தான் சொல்கிறேன், குளிசை கட்டாயம்.

சாப்பாட்டில் என்ன செய்தோம் என்றும் கேட்கிறார்கள். சொதிக்கு முதற்பால் விடுவதில்லை, இரண்டாம் பாலோடு சரி. கருவாடும் ஊறுகாயும் மோர்மிளகாயும் மேசையை விட்டுப் போயின. அது அப்பாவுக்குத்தான் பெரிய துக்கம். உப்பை ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், வைத்திருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பழகிய நாக்குக்கு முதல் இரண்டு கிழமை எதுவும் ருசிக்காது, பிறகு பழகிவிடும். புட்டுக்குக் குரக்கன் மாவும் ஆட்டா மாவும். ஒவ்வொரு மதியமும் ஒரு இலைக்கறி, அது அப்பாவின் பொறுப்பு. வேலியில் பிடுங்கி, ஆய்ந்து, கழுவிக் குசினிக்குக் கொண்டுவந்து கொடுப்பார். கீரையை ஒரு கட்டு கூட வாங்கி ஒழுங்கைக் கடைசி அக்காவுக்குச் சுண்டல் ஒரு சின்னக் கிண்ணத்தில் போகிறது. கொண்டுபோய்க் கொடுப்பவர் அண்ணி. அந்த நடைக்குக் கடைப் பை தேவையில்லை.

அண்ணா கந்தோரில் வேறு மேசைக்கு மாற்றம் கேட்டு எழுதிக் கொடுத்தார். கிடைத்தது, சம்பளத்தில் கொஞ்சம் குறைவு. மகளின் ரியூசனில் ஒன்றை நிப்பாட்டியாகிவிட்டது. பின்னேரம் ஐந்தரைக்கு அப்பாவும் அவரும் வெளிக்கிடுவார்கள். அண்ணா நடப்பார், அப்பா பக்கத்தில் றலியை மெதுவாக உருட்டிக்கொண்டு வருவார். மகன் களைத்தால் பிடித்துக்கொள்ள ஹாண்டில் இருக்கட்டும் என்றுதான் சைக்கிளைக் கொண்டுவருகிறாராம். சனசமூக நிலையம் வரை போய், வாங்கில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத் திரும்புவார்கள்.

ஏழேகாலுக்குச் சாப்பாடு. முதலில் அண்ணியால் இருக்க முடியவில்லை. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில்தான் சாப்பிட்டுப் பழகியவர். இப்போது புட்டும் சொதியும் மேசை நடுவில் இருக்கும், ஆளாளுக்கு எடுத்துப் போட வேண்டும். அப்பா ஒவ்வொரு நாளும் "உப்புக் காணாது" என்பார், மகள் ஒவ்வொரு நாளும் "தாத்தா, காணும்" என்பாள். போன கிழமை நான் போனபோது குசினித் தட்டில் பழைய கோப்பை மூடிகள் இரண்டு கவிட்டு வைத்துக் கிடந்தன. ஒன்றில் மரக்கறித் தோல் போட்டு மாட்டுக்குக் கொண்டுபோகிறார் அப்பா.